ஏழாவது பேர்

மேற்கு ஆப்பிரிக்காவில் அகலமான ஒரு ஆறு. அதன் கரையில் ஒரு ஊர். அந்த ஊரில் தீடா என்று ஒரு பாணர் குலத்துப் பெண் இருந்தாள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பெண் கொடுத்தாலும், ஆள் செத்தாலும் அவள்தான் போய்ப் பாடுவாள். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டன் முப்பாட்டன் பேரெல்லாம் அவளுக்குத் தெரியும். எதையும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் வாயிலேயே இருந்தது.

அவளிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள கெமோ வந்தான். அவனும் பாணர் குலம்தான். சின்ன வயதிலேயே பட்டணத்துக்குப் போய், பாட்டுப் பதிவு செய்கிற கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவன். தீடாவை விட ஆறு வயது மூத்தவன்.

"அக்கா, எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றான்.

தீடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்காவா? உங்க தாடியைப் பாத்தா என்னைத் தூக்கி வளர்த்தவர் மாதிரி இருக்கு."

"சொல்லிக்கொடுக்கிறவங்க மூத்தவங்க."

"சரி தம்பி. அப்போ நான் வா போன்னுதான் கூப்பிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"மாட்டேன் அக்கா."

"பட்டணத்தை விட்டுட்டு எதுக்கு வந்தே?"



"ஒரு நாள் ஒரு பையன் வந்தான் அக்கா. மெஷின் தாளம் போட்டு நம்ம பழைய பாட்டு ஒண்ணு பாடினான். பாதி இடத்துல வார்த்தையே இல்ல. லா லா லான்னு நிரப்பிட்டான். மீதி எங்கேப்பான்னு கேட்டேன். தெரிஞ்சவங்க செத்துட்டாங்கன்னான். எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல."

தீடா சிரிக்கவில்லை. "உட்காரு" என்றாள்.

கெமோவுக்கு அவன் அப்பா கோரா வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரிய சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டி, நீளக் கம்பு செருகி, இருபத்தோரு நரம்பு இழுத்த வாத்தியம் அது. தீடா பாடினால் அவன் பின்னால் உட்கார்ந்து வாசிப்பான். பாட்டை மட்டும் அவனாகப் பாடக் கூடாது. கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மூன்று வருஷம் அப்படித்தான் போனது.

அவன் சட்டைப் பையில் ஒரு சின்னப் பதிவுக் கருவி இருக்கும். தீப்பெட்டி அளவுதான்.

"அது எதுக்கு?" என்று முதல் நாளே தீடா கேட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாட்டெல்லாம் போயிடுமே அக்கா."

"எனக்கு எப்போ ஒண்ணு ஆகும்னு பாத்துக்கிட்டிருக்கியா?"

"ஐயோ அக்கா, அப்படி இல்ல…"

"சரி சரி. என் மக பட்டணத்துல முடி பின்னிவிடறா. அவளுக்கு நாலு பாட்டுத் தெரியும். அதுலயும் பாதிதான். நீ சொல்றது எனக்கும் புரியுது. பதிஞ்சுக்கோ. ஆனா எந்த வீட்டுல கேட்டதோ அது அந்த வீட்டோட இருக்கட்டும். கலக்காதே."

"ஏன் அக்கா?"

"மீன் அரிஞ்ச கத்தியால பழம் நறுக்குவியா?"

கெமோ தலையை ஆட்டினான். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் வீட்டுப் பேரைக் குறித்து வைத்தான். அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான்.

அந்த ஊரில் இரண்டு பெரிய வீடுகள் உண்டு. கரையை ஒட்டி இருந்தது ஆற்று வீடு. மண்மேட்டில் இருந்தது மேட்டு வீடு. இரண்டு வீட்டாருக்கும் கேலி உறவு. எங்கே பார்த்தாலும் திட்டிக்கொள்வார்கள். திட்டலாம், கோபப்படக் கூடாது. அந்த நாட்டில் அது முறை.

"பயறு தின்னிகளே, கதவைத் திறங்க! வாசல் வரைக்கும் வாடை வருது" என்று ஆற்று வீட்டுக்காரர் கத்துவார்.

"தவளைங்க வந்துடுச்சு. பாயை எடுத்துட்டுத் தண்ணியை ஊத்தி வைங்க" என்று மேட்டு வீட்டில் பதில் வரும்.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் நாலு தலைமுறையாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெண் கொடுத்ததில்லை, எடுத்ததில்லை. ஏன் என்று சின்னவர்களுக்குத் தெரியாது. பெரியவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

இப்போது ஆற்று வீட்டு மலாங் மேட்டு வீட்டு ஜாராயைக் கட்டுவேன் என்று நின்றான். ஜாராயும் அவனைத்தான் கட்டுவேன் என்றாள். கல்யாணம் பேச, நம் ஊர் வெற்றிலை பாக்கு மாதிரி, கோலாக் கொட்டை கொண்டுபோவது பாணர் வேலை. தீடா கொண்டுபோனாள். மலாங்கின் அப்பா அன்சுமானா முதல் வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இரண்டாம் வருஷம், "யோசிக்கிறேன்" என்றார். ஜாராயின் பெரியப்பா ஃபமாராதான் மேட்டு வீட்டுக்குத் தலைவர். அவர், "அவங்க படி ஏறி வந்தா போதும், நான் காலைக் கழுவி விடறேன்" என்று தீடாவிடம் சொல்லி அனுப்பினார். எண்பது வயதுக்காரர் அப்படிச் சொன்னார்.

கடைசியில் அன்சுமானா சரி என்றார்.

அன்றைக்குத் தீடா நடந்து வந்த நடையே வேறு.

"கெமோ, நான் எத்தனையோ கல்யாணத்துக்குப் பாடியிருக்கேன். இது ஒண்ணு நடந்துட்டா போதும். என் அம்மாவும் அவ அம்மாவும் பாடினது எல்லாம் இதுக்குத்தான்."

"ரெண்டு பேரும் கட்டிக்கப் போறாங்க. அதுல என்ன அக்கா அவ்வளவு?"

"நடக்கட்டும். நடந்தப்புறம் பேசலாம்."

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பாட்டு உண்டு. ஆறு தாண்டி வந்த பாட்டு. ஒரு பஞ்சத்தில் ஒரு தாய் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்தாள். மேட்டு வீடு அவர்களை வைத்துக் காப்பாற்றியது. அந்தப் பிள்ளைகளின் வம்சம்தான் ஆற்று வீடு. அவ்வளவுதான் பாட்டு.

ஆற்று வீட்டில் தீடா அதைப் பாடும்போது ஏழு பிள்ளைகளின் பேரையும் சொல்வாள். ஏழாவது, கடைக்குட்டி, சிராண்டிங். அந்தப் பேரை மட்டும் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடுவாள்.

மேட்டு வீட்டில் பாடும்போது ஆறு பேர் வரும். ஏழாவது வருகிற இடத்தில் அவளுக்கு இருமல் வந்துவிடும். தண்ணீர்க் குடுக்கையை எடுத்துக் குடிப்பாள். அதுவரை கெமோவின் கோரா மட்டும் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஃபமாரா பெரியவர் தலையைக் குனிந்து மண்ணைப் பார்ப்பார். கெமோ அதைப் பார்த்ததில்லை. அவன் கண் நரம்பின் மேல் இருக்கும்.

ஒரு நாள் மேட்டு வீட்டில் பாடி முடித்து இருவரும் வெளியே வந்தார்கள். முற்றத்தின் நடுவே கெமோ நேராக நடந்தான். தீடா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சுத்தி வா."

"இங்க ஒண்ணும் இல்லையே அக்கா. வெறும் மண்ணுதானே."

"சுத்தி வான்னா சுத்தி வா."

கெமோ சுற்றி வந்தான். வாசலைத் தாண்டியதும் கேட்டான்.

"அக்கா, ஏழாவது பேரை விட்டுட்டீங்க."

"இருமல்."

"போன தடவையும் அதே இடத்துல இருமல்."

"ஆமா."

"அதுக்கு முந்தின தடவையும்."

"உனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"கஷாயம் போட்டுக் குடிங்க அக்கா. நான் பாட்டுக்கு ரெண்டு சுத்து சும்மா வாசிச்சுக்கிட்டு இருக்கேன், முட்டாள் மாதிரி."

"அந்த ரெண்டு சுத்துதான் இன்னிக்கு நீ வாசிச்சதுலயே நல்லா இருந்துச்சு."

கேலி செய்கிறாள் என்று கெமோ நினைத்தான். கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"பேர் மறந்துபோச்சா அக்கா?"

தீடா நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ தனியா இந்த வீட்டுக்குள்ள போய்ப் பாடற நாள் வரும். அன்னிக்கு அந்தப் பெரியவரே உன்னை உட்கார வச்சு சொல்லுவார். நான் சொல்லக் கூடாது. என் அம்மாவும் எனக்குச் சொல்லல."

கெமோ அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் அப்பாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான். பேர் ஞாபகம் வராவிட்டால் ஏதாவது பெரிதாகச் சொல்லி மூடிவிடுவார். பாவம், அக்காவுக்கும் ஆரம்பித்துவிட்டது, ஒரு வீட்டில் ஞாபகம் வருகிறது, இன்னொரு வீட்டில் வருவதில்லை என்று நினைத்தான். 

வீட்டுக்குப் போய்ப் பதிவுகளை எடுத்தான். மேட்டு வீட்டுப் பதிவுதான் தெளிவாக இருந்தது. கூட்டம் இல்லாத நாளில் பதிந்தது. அந்த இருமலை வெட்டினான். தண்ணீர் குடிக்கிற சத்தத்தை வெட்டினான். சும்மா சுற்றின இரண்டு சுற்றையும் வெட்டினான். ஆற்று வீட்டுப் பதிவிலிருந்து 'சிராண்டிங்' என்ற பேரை எடுத்து அங்கே வைத்தான். முப்பது வருஷத் தொழில். ஒட்டுப் போட்ட இடம் தெரியவே இல்லை. போட்டுக் கேட்டபோது அவனுக்கு அழுகை வந்தது. ஒரு பாட்டையாவது முழுசாகக் காப்பாற்றிவிட்டோம்!

பத்திரமாக இருக்கட்டும் என்று பட்டணத்துச் சிநேகிதனுக்கு ஒரு பிரதி அனுப்பினான்.

அந்தச் சிநேகிதன் சும்மா இருக்கவில்லை. அதற்கு ஒரு மெஷின் தாளம் போட்டான். அந்தக் கடைசிப் பேர் கேட்க நன்றாக இருக்கிறதே என்று அதை நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டான். பிறகு போனில் நாலு பேருக்கு அனுப்பினான். இரண்டே நாளில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரிடமும் அது இருந்தது; கல்யாண வேலையில் பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கெமோவுக்குத் தாளம் பிடிக்கவில்லைதான். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் கூட வார்த்தை தப்பாமல் பாடுவதைக் கேட்டு மனசு நிறைந்துபோனான். தீடாவிடம் சொல்லவில்லை. அவளிடம் போன் கிடையாது. கல்யாணத்தன்று கேட்கட்டும் என்று வைத்திருந்தான்.

கோலாக் கொட்டை கொடுத்துக் கல்யாணத்தைக் கட்டுகிற நாள் வந்தது. ஆற்று வீட்டார் புறப்பட்டார்கள். முன்னால் தீடா, கோலாக் கொட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு. அவள் பின்னால் கோராவோடு கெமோ. அதற்குப் பின்னால் அன்சுமானாவும் அவர் வீட்டு ஜனங்களும்.

அன்சுமானா வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டே வந்தார்.

"தீடா, பயறு நிறைய அவிச்சு வைக்கச் சொன்னியா? இல்ல எல்லாத்தையும் அவங்களே தின்னுட்டாங்களா?"

"நீங்க வந்து கத்தற கத்துல மழை வந்துடும்னு பயந்துக்கிட்டு இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள்.

மேட்டு வீட்டு வாசல் தெரிந்தது. உள்ளே பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டுப் போட்டிருந்தார்கள். தீடாவின் குரல்.

"என் குரலா அது?" என்றாள் தீடா.

"கேளுங்க அக்கா! முழுசாக் கேளுங்க. உங்களுக்குன்னு செஞ்சது" என்றான் கெமோ.

தீடாவுக்கு வெட்கமாக இருந்தது. சிரித்துக்கொண்டே வாசலில் கால் வைத்தாள்.

மேட்டு வீட்டு இளசுகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வரவேற்கத்தான் ஆடினார்கள். இரண்டு வீட்டுப் பாட்டு இது, இதைப் போட்டால் சம்பந்தி வீட்டுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அவர்களே தேடிப் போட்டது. பாய், பந்தல், அடுப்பு எல்லாம் போக அந்த முற்றத்தில் காலியாக இருந்த இடம் ஒன்றுதான். அங்கேதான் ஆடினார்கள்.

ஆறு பேர் வந்தது. பிறகு அந்தப் பேர் வந்தது.

சிராண்டிங். சிராண்டிங். சிராண்டிங். சிராண்டிங்.

ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் காலை ஓங்கி மண்ணில் மிதித்தார்கள். புழுதி எழும்பியது.

தீடாவின் சிரிப்பு நின்றது.

உள்ளேயிருந்து ஃபமாரா பெரியவர் புது அங்கியைப் பாதி மாட்டினபடி ஓடி வந்தார். "நிறுத்துங்கடா" என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

அன்சுமானா வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. தீடாவிடம் கையை நீட்டினார். அவள் தலையிலிருந்த கூடையைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு தலை குனிந்தார்.

"மேட்டு வீட்டுப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. அவர் உடம்பைப் பாத்துக்கட்டும்" என்றார்.

பயறு என்று சொல்லவில்லை. தின்னி என்று சொல்லவில்லை. அத்தனை மரியாதையாக அந்த வீட்டைப் பற்றி அவர் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. தீடா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆற்று வீட்டார் திரும்பிப் போனார்கள்.

அப்போதும் கெமோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் தீடா மேட்டு வீட்டுக்காக மன்னிப்புக் கேட்கக் கோலாக் கொட்டை எடுத்துக்கொண்டு ஆற்று வீட்டுக்குப் போனாள். கெமோவையும் வரச்சொன்னாள். அன்சுமானா பாய் விரித்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

கெமோ அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"நான்தான் செஞ்சேன். என்ன தப்புச் செஞ்சேன்னு தெரியல. சொல்லுங்க" என்றான்.

அன்சுமானா தீடாவைப் பார்த்தார். தீடா எழுந்து வெளியே போய் நின்றாள். அவள் காதில் விழக் கூடாத பேச்சு அது. அவளுக்குத் தெரியாதது இல்லை. ஊருக்குப் பாடுகிறவள் முன்னால் சொன்னால் அது பாட்டில் ஏறிவிடும்; கெமோ இன்னும் வாசிக்கிறவன்தான்.

"அந்தத் தாய் ஏழு பிள்ளைங்களோட வந்து மேட்டு வீட்டுக் கதவைத் தட்டினா" என்றார் அன்சுமானா. "சாயங்காலம். அவங்க திறக்கல. பஞ்சம். உள்ளேயும் பிள்ளைங்க இருந்துச்சு. யாரைக் குத்தம் சொல்றது. விடியக்காலையில திறந்தாங்க. கடைக்குட்டி அவ முதுகுத்துணியில இருந்துச்சு. அவ யார்கிட்டயும் பிள்ளை செத்துப்போச்சுன்னு சொல்லல. கனம் மாறிப்போச்சுன்னுதான் சொன்னாளாம்."

கெமோவின் கை தானாக வாய்க்குப் போனது.

"கதவு முன்னாலயே புதைச்சாங்க, இப்போ முற்றத்து நடுவுல காலியா விட்டிருக்காங்களே, அங்கதான். அப்புறம் அந்த வீட்டுக்காரங்க மீதி ஆறு பேரையும் தங்களோட பிள்ளைங்களுக்குப் போடறதுக்கு முன்னால சோறு போட்டு வளர்த்தாங்க. நாங்க எல்லாம் அந்தச் சோத்துல வந்தவங்க. அந்தத் தாய் சாகும்போது மேட்டு வீட்டாரைக் கூப்பிட்டு, 'என் மக பேரை உங்க வீட்டுல யாரும் சொல்லவேண்டாம், உங்களால தாங்க முடியாது'ன்னு சொன்னா. அந்தப் பேரைச் சொல்லாம இருக்கிறதை அவ அவங்களுக்கு மன்னிப்பா கொடுத்துட்டுப் போனா. அவங்களும் அந்த இடம் வந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நாலு தலைமுறையா அந்தப் பிள்ளைக்காக அவங்க செஞ்சது அது ஒண்ணுதான். நாங்களும் அதைத்தான் கேட்டோம்."

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன். என் தப்புன்னு…"

"தப்பா? நீ ஒரு வார்த்தை கூடத் தப்பா வைக்கல தம்பி. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பிள்ளைங்களுக்குத் தெரியாது ஐயா. தெரிஞ்சிருந்தா ஆடியிருக்க மாட்டாங்க."

"எனக்குத் தெரியும். அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஃபமாரா மேலயும் இல்ல. நேத்து ராத்திரி கூட நினைச்சேன், காலையில எழுந்து போயிடலாம்னு. எழுந்து வாசல் வரைக்கும் போனேன். கால் வரல."

கோலாக் கொட்டையைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். தீடா இன்னும் இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் அவர் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினார்.

அறுவடை முடிந்ததும் ஜாராயைப் பட்டணத்தில் ஒரு துணிக்கடைக்காரருக்குக் கொடுத்தார்கள். அவள் போகிற அன்று தீடாவிடம் வந்தாள்.

"சித்தி, நான் ஆடலை. உள்ள முடி பின்னிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதையாவது ஆத்து வீட்டுல சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

"என்ன சொன்னாங்க?"

"நல்ல பிள்ளைன்னு சொன்னாங்க."

ஜாராய் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மலாங் மீன்பிடிக் கப்பலுக்குப் போய்விட்டான்.

மழைக்காலம் முடிந்து மேட்டு வீட்டில் ஒரு குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். தீடாவைக் கூப்பிட்டார்கள். அவள் வழக்கம்போல உட்கார்ந்தாள். கெமோ பின்னால் உட்கார்ந்தான். 

ஆறு பேர் பாடினாள். நிறுத்தினாள். குடுக்கையை எடுத்தாள்.

கெமோ அந்தச் சுற்றை மெதுவாக வாசித்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். ஃபமாரா பெரியவர் தலை குனிந்திருந்தார். அவரைச் சுற்றி இருந்த கிழவர்கள் எல்லாரும் குனிந்திருந்தார்கள்.

ஓரமாக விளையாடிக்கொண்டிருந்த நாலைந்து குழந்தைகளுக்குப் பாட்டு ஏன் நின்றது என்று புரியவில்லை. அவர்களுக்கு அடுத்தது தெரியும். கையைத் தட்டிக்கொண்டு பாடிவிட்டார்கள்.

"சிராண்டிங்! சிராண்டிங்! சிராண்டிங்! சிராண்டிங்!"

நாலு தடவை. சரியாக நாலு தடவை.

ஒரு தாய் ஓடிப்போய் ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினாள். அது அழுதது. நன்றாகத்தானே பாடினோம் என்று அழுதது.

தீடா குடுக்கையைக் கீழே வைத்தாள். மீதிப் பாட்டைப் பாடி முடித்தாள். குழந்தையை வாழ்த்தினாள்.

புறப்படும்போது ஃபமாரா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகளே, இனிமே இந்தப் பாட்டு எங்க வீட்டுல வேண்டாம். வேற ஏதாவது பாடு. உன்னைக் குத்தமா சொல்லல."

"சரிங்க அப்பா."

அவளும் கெமோவும் முற்றத்தில் சுற்றி நடந்தார்கள். வெளியே வந்து ஆற்றங்கரைக்குப் போனார்கள். அக்கரையிலும் ஒரு வீட்டில் பாடப் போகவேண்டும்; படகு அடுத்த கரையில் இருந்தது. ஒரு கட்டையில் உட்கார்ந்தார்கள்.

"என்னைப் போகச் சொல்லுங்க அக்கா" என்றான் கெமோ.

"எங்க?"

"பட்டணத்துக்கு. நான் உங்ககிட்ட இருக்கத் தகுதி இல்ல."

"போனா கோராவை யார் வாசிக்கிறது?"

கெமோ மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கிட்ட இருக்கிற பதிவை அழிச்சிட்டேன்."

"ம்."

"பட்டணத்துச் சிநேகிதனையும் அழிக்கச் சொல்லிட்டேன்."

"ஊர்ல எத்தனை போன் இருக்கு?"



தீடா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் சொல்லியிருக்கணும் கெமோ. என் அம்மா எனக்குச் சொல்லலன்னு நானும் உனக்குச் சொல்லல. அவ காலத்துல ஆளுங்களுக்குக் காது மட்டும்தான் இருந்துச்சு. நான் அதை நினைக்கல."

"நீங்க கலக்காதேன்னு சொன்னீங்க அக்கா."

"சொன்னேன். உனக்குப் புரிஞ்சுதான்னு கேட்கல."

படகு வந்துகொண்டிருந்தது. படகுக்காரன் தூரத்திலிருந்தே கையைக் காட்டினான்.

"பாதிப் பாட்டா போயிடக் கூடாதுன்னுதான் அக்கா செஞ்சேன். அந்தப் பையன் லா லான்னு பாடினானே, அப்படி ஆயிடக் கூடாதுன்னு. வேற ஒண்ணும் நினைக்கல."

"தெரியும்."

"அந்தப் பாட்டு சாகக் கூடாதுன்னு."

"சாகல."

"அப்போ நான் எதைத்தான் காப்பாத்தினேன் அக்கா?"

தீடா எழுந்து துணியில் ஒட்டின மண்ணைத் தட்டினாள்.

"அந்தப் பிள்ளை பேரை. இனிமே ஒருத்தரும் மறக்க மாட்டாங்க. அது யாருன்னு மட்டும் தெரியாது."